மூன்று ரெயில், ஆறு வருடம்: ஸ்கோப்பைத் திட்டியது வீண்

இலக்குச் சுடுதலுக்கு வைத்திருக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் (போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) ஆறு வருடத்துக்குள் மூன்று ரெயில், அதாவது ஸ்கோப் எனும் குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பொருத்தும் பட்டை, மாட்டிப் பார்த்துவிட்டேன்.

முதலில் இருந்தது வீவர் என்ற வகையில் இரண்டு துண்டு ரெயில். எடை குறைவு, மேலிருந்து தோட்டா போட விரல் தாராளமாக நுழையும். ஸ்கோப்பைப் பிடித்து ரெயிலில் மாட்டும் ரிங்கை மாற்றப் போனபோதுதான் வம்பு. ரிங்கின் குறுக்குக் கம்பி இறங்கும் வீவர் பள்ளத்தின் அகலம் 4.57 மி.மீ., பிகாடினி என்ற இன்னொரு வகை ரெயிலில் 5.23. அதனால் வீவர் ரிங் பெரும்பாலும் பிகாடினியில் உட்காரும், பிகாடினி ரிங் வீவர் பள்ளத்தில் இறங்காது. தெரியாமல் வாங்கிய ஜோடி இன்னும் அலமாரியில் தூங்குகிறது.

அடுத்தது ஒற்றைத் துண்டு அலுமினியப் பிகாடினி, 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) சரிவு கொண்டது. 100 மீட்டரில் கணக்கிட்டால் சுமார் 58 செ.மீ. ஏற்றம் ரெயிலிலேயே கிடைத்துவிடும். தொலைதூரம் சுட நல்லது. 100 மீட்டரைத் தாண்டாதவருக்கு அது வேண்டாம். சரிசெய்யும் அளவு குறைவான ஸ்கோப்பில் சீரோ வைக்கவே, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி அமைக்கவே, முடியாமல் போகலாம்.

இந்த ரெயிலோடு ஒரு வருடம் பட்ட பாடு! குண்டு விழும் இடம் வாரத்துக்கு ஒரு பக்கம் நகரும். ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன், தோட்டாவை மாற்றினேன். கடைசியில் ரெயிலைக் கழற்றி, முன் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கிப் பார்த்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அடியில் காகிதம் நுழைகிறது. நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கும்போது ரெயில் வில்லாக வளைந்து, ரிங் வழியாக ஸ்கோப் குழாயையும் முறுக்கியிருக்கிறது. பின்பக்க அடியில் எபாக்ஸிப் பசை வைத்து மட்டம் செய்தபின் பிரச்சினை தீர்ந்தது. புது ரெயில் எது வந்தாலும் இந்தச் சோதனைதான் எனக்கு முதல் வேலை.

அப்புறம் ஏன் எஃகு ரெயில் வாங்கினேன்? ஆசைதான். இலக்குத்தாளில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, தோளில் எடை தெரிகிறது. மாட்டும்போது முன் ஸ்க்ரூ ஒரு இழை நீளமாக இருந்து போல்ட்டை உரசியது. அரத்தில் தேய்த்துக் குறைத்தேன்.

இப்போது இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சு வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே இறுக்குகிறேன். ஸ்க்ரூ தளர்ந்தால் தெரிய, அதன் தலையில் பெயின்ட் கோடும் உண்டு. எஃகில் மூன்று வருடமாகக் கோடு நகரவில்லை. அலுமினியத்தில் ஒருமுறை நகர்ந்தது. துளையில் எண்ணெயைத் துடைக்காமல் மாட்டியது நான்தான்.