ஆன்டிகனியா, மீடியாவா?

பெண்ணியக் கோணத்தில் ஒரு கிரேக்கத் துன்பியல் நாடகம் பேசலாம் என்று எங்கள் வாசிப்புக் குழுவில் முடிவானதும், எதை எடுப்பது என்ற வேலை என் தலையில் விழுந்தது. சோபக்ளீஸின் ஆன்டிகனி, யூரிபிடீஸின் மீடியா, இரண்டில் ஒன்று. நான் மீடியாவை எடுத்தேன். குழுவில் பாதிப் பேருக்கு இன்னும் வருத்தம்தான்.

இரண்டையும் எழுதியவர்கள் ஆண்கள், முகமூடி போட்டு நடித்தவர்களும் ஆண்கள். அதில் வித்தியாசம் இல்லை, விடுங்கள்.

ஆன்டிகனியின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. அரசன் கிரயோனின் தடையை மீறி, கூடப்பிறந்தவன் பிணத்துக்கு மண் போடுகிறாள், பிடிபட்ட பிறகும் பின்வாங்கவில்லை. நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு பெண் என்னை ஆள முடியாது என்று கிரயோனே சொல்லிவிடுவதால் நமக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் இரண்டாம் முறை படித்தபோது ஓர் இடத்தில் இடறிவிட்டேன். சாகப் போகும் நேரத்தில் அவள் சொல்கிறாள்: கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன், அவர்கள் போனால் வேறு கிடைப்பார்கள், பெற்றோரும் போனபின் சகோதரன் எங்கே கிடைப்பான்? இந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் நல்லது என்று ஜெர்மன் கவிஞர் கதே ஆசைப்பட்டார். அரிஸ்டாட்டிலே எடுத்துக்காட்டிய வரிகள், அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆக, அவள் துணிச்சல் பிறந்த வீட்டுக்காக. "நாம் பெண்கள், ஆண்களோடு மோத முடியாது" என்று பேசுவது சகோதரி இஸ்மினி, அதுவும் ஒதுங்கிக்கொள்வதற்காக.

யாருக்காகப் பேசுகிறாள் என்பதுதான் எனக்குத் தராசு. கி.மு. 431இல் மேடையேறிய மீடியா, கணவன் யேசோன் தன்னைக் கைவிட்டு வேறொருத்தியை மணந்தபின், கொரிந்து நகரப் பெண்களிடம் நேராகவே பேசுகிறாள்: பணத்தைக் கொட்டிக் கணவனை வாங்குகிறோம், அவனையே நம் உடம்புக்கு எஜமானாக்குகிறோம். ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று தடவை போர்க்களத்தில் கேடயத்தோடு நிற்பேன் என்கிறாள். வரதட்சணையைப் பார்த்த நம் ஆட்களுக்கு இதற்கெல்லாம் அடிக்குறிப்பு தேவைப்படவில்லை. அப்புறம் அதே மூச்சில், உங்களுக்கு ஊர் இருக்கிறது, அப்பா வீடு இருக்கிறது, தூர தேசமான கொல்கிசிலிருந்து வந்த எனக்கு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கிறாள். பெண்கள் எல்லோரும் ஒன்று என்று அவளே சொல்லி, அவளே அதில் விரிசலையும் காட்டுகிறாள். அந்தப் பெண்களின் வாயை அடைக்க அவள் போட்ட கணக்கும் இந்தப் பேச்சில் உண்டு, மறுக்கவில்லை.

பிள்ளைகள் இருவரையும் கொன்றுவிட்டுச் சூரியனின் தேரில் தப்பிப் போவதை விடுதலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிரேக்க மொழி தெரியாமல் மொழிபெயர்ப்பில் படித்தவன் நான், இந்த முடிவின் தொனியில் ஏதாவது தவறவிட்டிருக்கலாம்.

குழுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு ஓடியது, முழுக்க அவள் எப்படிப்பட்ட தாய் என்றுதான். யேசோன் என்ன செய்தான் என்று ஒருவர் கேட்டபோது கிளம்புகிற நேரமாகிவிட்டது.