சிசிஎன்ஏ தேர்வு: இரண்டு தொகுதியா, ஒற்றைப் புத்தகமா?

சிசிஎன்ஏ என்பது கணினி நெட்வொர்க்கிங்குக்கு சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வு. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றபடி அதற்குப் படிப்பவருக்குப் புத்தகத்தின் எடையும் ஒரு விஷயம்தான். சிஸ்கோ பிரஸ்ஸின் அதிகாரபூர்வ வழிகாட்டி இரண்டு தடித்த தொகுதிகள். மற்றப் பதிப்பகங்கள் போடும் ஒற்றைப் புத்தகம் பைக்குள் அடங்கிவிடும், நடையும் பெரும்பாலும் எளிது.

ஆனால் சப்நெட்டிங், அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு பிரிவுகளாகப் பிரிப்பது, வந்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும். 192.168.10.70/26 என்று ஓர் ஐபி முகவரி. /26 என்றால் பிரிவுகள் கடைசி எண்ணில் 64, 64ஆகத் தாவும். ஆக இது 64இல் தொடங்கி 127இல் முடியும் பிரிவு. முதலும் கடைசியும் போக, சாதனங்களுக்குக் கிடைப்பது 65 முதல் 126 வரை. இந்தக் குறுக்குவழி ஒற்றைப் புத்தகத்திலேயே கிடைத்துவிடும். ஏன் 64 என்று இரும எண்ணில் உடைத்து, பயிற்சிமேல் பயிற்சி கொடுக்கப் பெரிய நூலில்தான் இடம் இருக்கிறது. இந்தக் கணக்கு புரிந்தால்தான் ரூட்டிங் வரும் ஐபி இணைப்புப் பகுதியும் புரியும்; அதற்கு மட்டும் தேர்வில் 25 விழுக்காடு. அங்கே மனப்பாடம் கைகொடுக்காது.

எதை எடுத்தாலும் பழைய பதிப்பு வேண்டாம். 2024 ஆகஸ்டில் பாடத்திட்டம் 1.1க்கு மாறிவிட்டது. புத்தகக் கடைகள் உள்ள பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் மலிவாகக் கிடைக்கிறதா? சரி, டெராஃபார்ம் என்ற தானியக்க மென்பொருள் பற்றி உள்ளே இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். அதே வகை மென்பொருள்களான பப்பெட், செஃப் மட்டும் இருந்தால் அது பழசு.

நெட்வொர்க்கிங் வேலையில் ஏற்கெனவே இருப்பவருக்கு ஒற்றைப் புத்தகமே போதும். புதிதாக வருபவர் இரண்டு தொகுதியையும் வாங்கிவிடலாம். நூலக இரவல் 21 நாள்தான், அதற்குள் முடிகிற கதையல்ல. அப்புறம், நெட்வொர்க்கைக் கணினியிலேயே அமைத்துப் பழகும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். முதல் நாளே இறக்கிக்கொள்ளுங்கள்.