சமூக ஊடகப் பக்கம் இருக்கும்போது இணையதளம் எதற்கு?

நான்கு ஆண்டுகள் எங்கள் தொழில் முழுக்கச் சமூக ஊடகப் பக்கங்களை நம்பித்தான் ஓடியது. ஒருநாள் காலையில் அதிக ஃபாலோயர்கள் இருந்த பக்கத்துக்குள் நுழைய முடியவில்லை. விதிமீறல் என்று ஒரே ஒரு வரி அறிவிப்பு. என்ன விதி, யாரிடம் பேசுவது, எதுவும் தெரியவில்லை. பதினோரு நாள் கழித்துப் பக்கம் திரும்பக் கிடைத்தது. அதற்குள் நான் டொமைன், அதாவது எங்களுக்கென்று ஒரு இணைய முகவரிப் பெயர், வாங்கியிருந்தேன். இப்போது பக்கம், இணையதளம் இரண்டையும் வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டில் எதை விடவே மாட்டாய் என்று கேட்டால், இணையதளத்தைத்தான் சொல்வேன்.

சமூக ஊடகத்தின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. செலவில்லை, பத்து நிமிடத்தில் பக்கம் தயார், ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். புதியவர்கள் நம்மைக் கண்டுபிடிப்பது இன்றும் பெரும்பாலும் அங்கேதான். இணையதளம் தொடங்கிய முதல் சில மாதங்களில் எங்கள் தளத்துக்கு யாரும் வரவில்லை என்பதும் உண்மை.

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பட்டது முகவரி. தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் சரியில்லையா? கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றி, முகவரி எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவைத் திருத்தினால் போதும். அதிகம் போனால் ஓரிரு நாளில் அதே முகவரியில் தளம் வந்துவிடும். விசிட்டிங் கார்டில் அச்சடித்ததும், கூகுள் தேடலில் வருவதும் அப்படியே வேலை செய்யும். சமூக ஊடகத்தில் அந்த வசதி இல்லை. ஆர்குட் என்ற சமூக ஊடகம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு நின்றுபோனது. போட்ட படங்களையும் பதிவுகளையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், சேர்த்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. சமூக ஊடகம் மூடப்படாவிட்டாலும் பிடி அதை நடத்துபவர்கள் கையில்தான். நிறுவனப் பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் அறிவித்தது. நம் பக்கத்துக்கு லைக் போட்டவருக்கே நம் பதிவு போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் ஒன்றாக முடங்கின. மூன்று இடத்தில் இருக்கிறோம் என்று தெம்பாக இருந்தவர்களுக்கு அன்று ஒரு வழியும் இல்லை.

சரி, டொமைன் மட்டும் நிரந்தரச் சொத்தா? இல்லை, பதிவுக் காலம் முடியும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். தளம் வடிவமைத்துத் தருபவர் தன் பெயரில் டொமைனைப் பதிவு செய்ய விடாதீர்கள். உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல் இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சலும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்று, நினைவூட்டலைப் படிக்கவே முடியாமல் போய்விடும்.

பராமரிப்பு வேலை தளத்தைப் பொறுத்தது. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியது என்றால், கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் பிளகின்களை அடிக்கடி அப்டேட் செய்ய வேண்டும், விட்டால் ஹேக் ஆகும் ஆபத்து உண்டு. எங்கள் நான்கு பக்கத் தளம் வெறும் ஹெச்டிஎம்எல், அதாவது இப்படி அப்டேட் செய்ய எதுவும் இல்லாத எளிய பக்கங்கள். மாதத்துக்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை. தளத்திலேயே பணம் வாங்கி விற்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் தளத்தில் விசாரணைகள் மட்டும்தான் வருகின்றன.

தளம் கட்ட இப்போது நேரமில்லை என்றால், டொமைனை மட்டுமாவது இன்றே வாங்கி, அதை உங்கள் சமூக ஊடகப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். கார்டிலும் பில்லிலும் அந்த முகவரியையே அச்சடியுங்கள். அப்புறம் தளம் தயாரானதும் திருப்பலை மட்டும் மாற்றினால் போதும், பழைய கார்டு வைத்திருப்பவரும் நேராகத் தளத்துக்கே வருவார்.