வேர்டு படிவமும் மேக்ரோவும்: பனியன் கம்பெனி டைம் ஆபீஸில் நீண்ட நாள் பழகிய அனுபவம்

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், புதிதாகச் சேரும் தொழிலாளிக்கான படிவம் வேர்டு 2003 காலத்திலிருந்தே வேர்டு கோப்பாகத்தான் இருக்கிறது. அச்சிட்டு, போட்டோ ஒட்டி, கையெழுத்து வாங்கி, ஆள்வாரியாக ஃபைலில் வைக்க வேண்டும். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வந்தால் முதலில் கேட்பதும் அந்த ஃபைலைத்தான். அதனால் எக்ஸெலுக்கு மாறும் பேச்சு பலமுறை எழுந்தும் படிவம் வேர்டிலேயே தங்கிவிட்டது.

அந்தப் படிவத்தில் ஓர் எழுத்து தவறினால் யாருக்கு வலிக்கும் என்பதை, ஆட்களின் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' விழுந்தால் ஓவர்லாக் தையல் எந்திரம் ஓட்டும் பெண்ணின் சம்பளம் வங்கியிலிருந்து திரும்பி வந்துவிடும். ஒடிசாவில் அந்தப் பணத்தை நம்பிக் காத்திருக்கும் வீட்டுக்கு நாம் என்ன சமாதானம் சொல்ல முடியும்? தவறு விழுந்த பிறகு தேடுவதைவிட, விழும் இடத்திலேயே தடுப்பதுதான் சரி. அதற்காகத்தான் படிவத்தின் கட்டங்களுக்கு மேக்ரோ, அதாவது வேர்டுக்குள் தானாக ஓடும் சிறு நிரல், எழுதினேன்.

மேக்ரோவைத் தொடுவதற்கு முன், வேர்டு தானாகவே தரும் கட்டுப்பாடுகளைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். டெவலப்பர் தாவலில் 'லெகசி' என்ற பெயரில் இருக்கும் பழைய படிவக் கட்டங்களில், எழுத்தா, எண்ணா, தேதியா என்று வகையைக் குறிக்கலாம். அதிகபட்ச நீளம் கொடுக்கலாம். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கச் சொல்லலாம். பிறகு ஆவணத்தை 'படிவம் நிரப்ப மட்டும்' என்று பூட்டிவிட்டால், டேப் விசை கட்டத்துக்குக் கட்டம் தாவும். மற்ற வாசகங்களை யாரும் தொட முடியாது. இவ்வளவுக்கும் ஒரு வரி நிரல்கூடத் தேவையில்லை. ஆனால் வங்கிக் கணக்கு எண்ணுக்கு 'எண்' வகையைக் கொடுக்கக் கூடாது. முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போய்விடும். கூட்டிக் கழிக்கப் போகாத எதுவும் எழுத்து வகையிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே நுழையும்போது ஒரு மேக்ரோ, வெளியேறும்போது ஒரு மேக்ரோ வைக்கலாம். சரிபார்ப்பு வெளியேறும் மேக்ரோவில்தான் நடக்கும். இங்கேதான் புதிதாக எழுதும் எல்லோரும் முட்டிக்கொள்கிறார்கள். தவறான பதில் வந்தால் கர்சரை அதே கட்டத்தில் நிறுத்த வேண்டும். அதற்கான வரியையும் எழுதுகிறோம். ஆனால் மேக்ரோ முடிந்த அடுத்த கணமே வேர்டு தன் போக்கில் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. இதற்கு நம்பகமான வழி, வெளியேறும் மேக்ரோவையும் நுழையும் மேக்ரோவையும் சேர்த்துப் பயன்படுத்துவது. வெளியேறும் மேக்ரோ, தவறு நேர்ந்த கட்டத்தின் பெயரை எல்லா மேக்ரோக்களும் பார்க்கக்கூடிய ஒரு பொது மாறியில் எழுதிவைக்கும். எல்லாக் கட்டங்களுக்கும் பொதுவான நுழைவு மேக்ரோ அந்த மாறியைப் பார்த்து, அதில் பெயர் இருந்தால் கர்சரை அங்கே திருப்பி அனுப்பிவிட்டு மாறியைக் காலியாக்கும். ஒரு கட்டத்தில் நுழைவு மேக்ரோ விட்டுப்போனாலும் கட்டுப்பாடு அந்த ஓட்டை வழியாக நழுவிவிடும்.

கட்டத்தின் பெயர் உண்மையில் ஒரு புக்மார்க், அதாவது ஆவணத்தில் ஓர் இடத்துக்கு வைக்கும் அடையாளப் பெயர். அதனால் ஒரு கட்டத்தை நகலெடுத்து ஒட்டினால் நகலுக்குப் பெயர் இருக்காது. பெயரைத் தேடும் மேக்ரோ பிழை காட்டி நின்றுவிடும். படிவத்தில் ஒரு கட்டம் கூடும்போதெல்லாம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நீண்ட நாள் பழக்கத்தில் உறுதியான என் கருத்து: மேக்ரோவே திருத்த முடிந்ததை மேக்ரோவே திருத்த வேண்டும், ஆளை நிறுத்தக் கூடாது. ஐ.எஃப்.எஸ்.சி. பதினொரு எழுத்து, முதல் நான்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். எனவே வெளியேறும் மேக்ரோ இடைவெளிகளை நீக்கி, பெரிய எழுத்தாக்கி, ஐந்தாம் இடத்தில் 'ஓ' இருந்தால் பூஜ்யமாக மாற்றிவிடுகிறது. அடிப்பவருக்கு எந்த அறிவிப்பும் வராது. நீளம் பதினொன்று இல்லை என்றாலோ, தமிழ் விசைப்பலகையை மாற்ற மறந்து தமிழ் எழுத்து விழுந்திருந்தாலோதான் நிறுத்துகிறது. சின்னச் சின்னதற்கெல்லாம் பெட்டி வந்து நின்றால், கேட்டின் முன்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும் காலை நேரத்தில் படிக்காமலேயே எண்டர் தட்டப் பழகிவிடுவார்கள். அதன்பின் உண்மையான எச்சரிக்கையும் அவர்கள் கண்ணில் படாது.

எண்களில், மேக்ரோ எழுதும் மொழியான விஷுவல் பேசிக்கின் இரண்டு கட்டளைகளிடம் கவனமாக இருக்க வேண்டும். எழுத்தை எண்ணாக்கும் 'வால்' கட்டளை கமாவைக் கண்டதும் நின்றுவிடும். 12,500 என்று சம்பளம் அடித்தால் அது 12 என்று படிக்கும். எண்தானா என்று பார்த்துச் சொல்லும் 'இஸ்நியூமெரிக்' கட்டளையோ நடுவில் 'இ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும் 2இ5 போன்றதையும் அடுக்கு எண்ணாகக் கருதி 'சரி' என்று சொல்லிவிடும். எண்கள் மட்டும்தானா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்ப்பதே நல்லது.

ஆதார் எண்ணுக்குத்தான் அதிக உழைப்பைக் கொடுத்தேன். கொடுத்ததற்கு முழுப் பலனும் கிடைத்தது. பன்னிரண்டு இலக்கம் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது; பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணும் பன்னிரண்டு இலக்கம்தான். இரண்டையும் இடம் மாற்றி அடித்தால் நீளச் சோதனையில் அகப்படாது. ஆதாரின் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறைப்படி அது கணக்கிடப்படுகிறது. ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அந்த முறை தவறாமல் பிடித்துவிடும். சம்பந்தமில்லாத எண் ஒன்று உள்ளே வந்தாலும் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு பிடிபடுவதற்குத்தான். மூன்று சிறிய அட்டவணைகளை நிரலில் வைத்தால் போதும். ஆனால் எண்ணை எழுத்தாகவே கையாள வேண்டும். முழு எண்ணுக்கான 'லாங்' வகை மாறியில் போட்டால் 2,147,483,647-க்கு மேல் தாங்காது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: சரிபார்த்து முடிந்ததும் அச்சில் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டுங்கள். ஃபைல் பலர் கைக்குப் போகிறது.

பிறந்த தேதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எங்கள் கம்பெனியில் பதினெட்டு நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை. வயதைக் கணக்கிட 'டேட்டிஃப்' கட்டளையை ஆண்டு என்ற அலகில் கொடுத்தால், அது கடந்துபோன ஆண்டு எல்லைகளை எண்ணுமே தவிர நிரம்பிய வயதைச் சொல்லாது. 31-12-2007-இல் பிறந்தவருக்கு 1-1-2025 அன்று அது 18 என்று சொல்லும். உண்மையில் வயது 17. பிறந்த நாள் இந்த ஆண்டு வந்துவிட்டதா என்று பார்த்து, வராவிட்டால் ஒன்று கழிக்க வேண்டும். நாளா மாதமா என்ற குழப்பமும் உண்டு. 04/05 என்பதை விண்டோஸின் வட்டார அமைப்பைப் பொறுத்து மே 4 என்றும் ஏப்ரல் 5 என்றும் படிக்கும். நான் நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்களாகப் பிரித்துவிட்டேன். மாதம் பட்டியலிலிருந்து தேர்வு, ஆண்டு நான்கு இலக்கம்.

தமிழில் படிவம் செய்வோருக்கென்றே சில சங்கடங்கள் இருக்கின்றன. அதிகபட்ச நீளம் நாம் எண்ணும் எழுத்துகளை எண்ணுவதில்லை. மெய்ப்புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். 'கோயம்புத்தூர்' நமக்கு ஏழு எழுத்து, வேர்டுக்குப் பதின்மூன்று. 'பாளையம்' என்று முடியும் நம் பக்கத்து ஊர்ப் பெயர்களுக்கு நினைத்ததைப்போல் இரண்டு மடங்கு இடம் விடுங்கள். அடுத்து, பழைய பட்டியல் கட்டத்தில் 25 வரிகளுக்கு மேல் சேர்க்க முடியாது. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். திருப்பூர், கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் என்று பக்கத்தில் இருப்பவற்றை மேலே வைத்து, கடைசியில் 'பிற' என்று கொடுத்து அதற்குத் தனிக் கட்டம் வைத்தேன்.

எல்லாவற்றையும்விட நேரம் தின்றது எச்சரிக்கை வாசகம். விஷுவல் பேசிக் எடிட்டரில் தமிழை அடித்தால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். வழக்கமான செய்திப் பெட்டியும் தமிழைக் காட்டாது. டைம் ஆபீஸில் இருக்கும் பெண்களுக்கு ஆங்கிலத்தில் எச்சரிக்கை வைப்பது எனக்கு ஒப்பவில்லை. கடைசியில், வாசகங்களை ஆவணத்தின் பின்பகுதியில் ஓர் அட்டவணையில் வைத்து, மேக்ரோ அங்கிருந்து எடுத்து, யூசர்ஃபார்ம் என்ற, நாமே வடிவமைக்கும் பெட்டியின் லேபிளில் காட்டும்படி செய்தேன். தமிழ் அழகாக வருகிறது. அட்டவணைக் கட்டத்திலிருந்து எடுக்கும்போது இறுதியில் ஒட்டிவரும் இரண்டு குறியெழுத்துகளை வெட்டிவிட வேண்டும். ஒரு பயனும் கிடைத்தது: நிரலைத் திறக்காமலேயே யார் வேண்டுமானாலும் வாசகத்தைத் திருத்தலாம். "ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கிறது, அட்டையைப் பாருங்கள்" என்று நான் எழுதியிருந்ததை, எங்கள் டைம் ஆபீஸ் அக்கா "கடைசி நான்கு இலக்கத்தையும் வாய்விட்டுப் படியுங்கள்" என்று சேர்த்து இன்னும் நன்றாக்கினார்.

ஏதாவது மாற்றத்துக்காக மேக்ரோ ஆவணத்தின் பூட்டைத் திறந்து மூடும்போது 'நோரீசெட்' என்ற அமைப்புக்கு 'ட்ரூ' கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரப்பியது எல்லாம் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும். கடைசிக் கட்டத்திலிருந்து வெளியேறாமலே அச்சிடப் போனால் வெளியேறும் மேக்ரோ ஓடாது. ஆகவே அச்சுக்கு முன் ஓடும் நிகழ்வில் எல்லாக் கட்டங்களையும் மறுபடி ஒருமுறை சோதிக்கிறேன்.

வேர்டு 2007-இல் வந்த புதுவகைக் கட்டங்களான கன்டென்ட் கன்ட்ரோல்களில் இந்தச் சுற்றுவழி வேலை பாதி குறைகிறது. அவற்றின் வெளியேறும் நிகழ்வில் 'கேன்சல்' என்பதற்கு 'ட்ரூ' கொடுத்தால் கர்சர் அங்கேயே நிற்கும். பட்டியலில் 25 என்ற எல்லையும் இல்லை. ஆனால் எண் வகை, நீள வரம்பு, பெரிய எழுத்து எதுவும் தானாகக் கிடைக்காது. அனைத்தையும் நிரலில்தான் எழுத வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு கன்டென்ட் கன்ட்ரோலைத்தான் சொல்வேன். ஓடிக்கொண்டிருக்கும் பழைய படிவத்தை மாற்ற அவசரம் வேண்டாம். இரண்டையும் ஒரே படிவத்தில் கலக்கவும் வேண்டாம்.

2022-இல் இருந்து, இணையம் வழியாக வந்த கோப்புகளில் மேக்ரோக்களை வேர்டு தொடக்கத்திலேயே தடுத்துவிடுகிறது. பெருமாநல்லூர் யூனிட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பிய படிவம் இதனால் வெறும் காகிதம்போல் திறந்தது. படிவத்தின் மூலக் கோப்பான டெம்ப்ளேட்டை ஒவ்வொரு கணினியிலும் நம்பகமான இடமாகக் குறித்த ஃபோல்டரில் வைத்ததும் தீர்ந்தது. கைப்பேசியிலும் உலாவி வழி வேர்டிலும் மேக்ரோ ஓடாது. அங்கே யாரையும் நிரப்பவிடுவதில்லை.

பெயர்க் கட்டத்துக்கு மட்டும் நான் எந்தச் சரிபார்ப்பு மேக்ரோவும் வைக்கவில்லை. முன்னெழுத்தோடு வருவோர், ஒற்றைப் பெயரோடு வருவோர், பீகாரிலிருந்து குடும்பப் பெயரோடு வருவோர் என்று எல்லோரும் சேரும் இடம் இது. ஆதார் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளியும் இடைவெளியும் மாறாமல் இருக்க வேண்டும். அதை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்க்கிறார். சேர வந்தவரும் பக்கத்தில் நின்று பார்த்த பிறகே அச்சுக்குப் போகிறது.