ஏர் மோட்டாரும் எங்கள் தூக்கமும்

இரண்டாம் கட்டு முற்றத்தில் உள்ள மீன் தொட்டிக்கு வாங்கிய, தண்ணீருக்குள் காற்று ஊதும் பேட்டரி ஏர் மோட்டாரைப் போன வாரம் பிரித்து, உள்ளே அதிர்ந்து காற்றைத் தள்ளும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் கிழிந்துபோனதால் அதை மாற்றினேன். சரியாக அப்போதுதான் கொடைக்கானலில் கோய் என்கிற வண்ணக் கெண்டை மீன் வளர்க்கும் தம்பி கேட்கிறான்: "அண்ணே, பனி வருது. ஹீட்டர் வாங்கவா, இல்ல உங்க மோட்டார் மாதிரி ஒண்ணு வாங்கவா?"

ஹீட்டர் வேண்டாம். கோயும் தங்கமீனும் குளிர் தாங்கும் ஜாதி. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஜீரணம் மந்தமாகும், தீனியை நிறுத்திவிட வேண்டும். குளமே உறைகிற ஊர்களில் ஹீட்டர் மிதக்க விடுவது, மேலே ஐஸ் முழுக்க மூடிக்கொள்ளாமல் ஒரு ஓட்டை கிடைக்கத்தான். கொடைக்கானலில் புல்லில் உறைபனி படியும். ஆழமான தொட்டிக்கு அந்தக் கதி வராது. எங்கள் காரைக்குடிப் பக்கம் மார்கழி ராத்திரியே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

இங்கே மீனுக்கு ஆபத்து ஐப்பசி, கார்த்திகை மூடாக்கில். வெயில் இல்லாவிட்டால் பாசி பகலில் ஆக்சிஜன் விடுவது குறையும். ராத்திரி மீனோடு பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும்.

இதில் மோட்டாரைக் குறை சொல்லவே முடியாது. கரண்ட் போன மறு நொடி தானாகப் பேட்டரிக்கு மாறிவிடும். போன கார்த்திகையில் ராத்திரி முழுக்க இருட்டு. விடியும் முன் டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய் நுனியில் மாட்டும் துளைக் கல்லான ஏர் ஸ்டோனில் குமிழ் பொங்கிக்கொண்டிருக்கிறது, மீன்கள் அடியில் நிம்மதியாகக் கிடக்கின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை.

ஆனால் அந்தச் சத்தம்! ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்தால் வளவு முழுக்க அதிர்கிறது. சாக்கை மடித்துப் போட்டேன், டயர் ட்யூப் வெட்டி வைத்தேன், தூணில் கயிறு கட்டித் தொங்கவும் விட்டேன். தொங்கவிட்டதில் கொஞ்சம் அடங்கியது. அப்பத்தா மட்டும் இன்னமும், "நடுச்சாமத்துல யாருடா மிக்சி போடுறது?" என்கிறார். வேடிக்கை என்னவென்றால் பேட்டரியில் ஓடும்போது வேகம் குறைந்து சத்தமே இல்லை. கரண்ட் போனால்தான் எங்கள் வீட்டில் தூக்கம்.

புது டயாஃப்ரம் போட்டதும் அடங்கும் என்று நினைத்தேன். பழையதைவிட அதிகமாகக் கத்துகிறது. அந்த அரையணா ரப்பர் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காமல் மதுரையிலிருந்து வரவழைத்தது வேறு. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் 'நான்-ரிட்டர்ன்' வால்வும் மோட்டார் பெட்டியில் வராது. அது இல்லாமல் மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தால், நிற்கும்போது குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி உள்ளே ஏறிவிடும்.

உனக்கு இந்த மோட்டார் அவசியமும் இல்லை, தம்பி. குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாகவே கரையும்: 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5 தான். மீனை நெருக்கி விடாமல் இருந்தாலே போதும். என் மீன்களைக் காப்பாற்றியது இந்த மோட்டார்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் வாங்காதே. இப்போதைய எரிச்சலில் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.