சினைக் குதிரைக்குக் காவல்: லாயத்திலா, கேமராவிலா?

குதிரையின் சினைக்காலம் சுமார் 340 நாள். 320-இலும் ஈனும், 360 தாண்டியும் இழுக்கும். தேதியை நம்பி லாயத்திலேயே படுத்தால் வாரக்கணக்கில் தூக்கம் போகும். ஆள் நடமாட்டம் இருந்தால் குதிரையும் ஈனுவதைத் தள்ளிப்போடும். அதனால் ஆரம்ப நாட்களுக்குக் கேமராவே மேல்.

ஆனால் காம்பு நுனியில் மெழுகாகத் திரளும் பால் கேமராவில் தெரியாது. அந்தியில் விளக்கோடு குனிந்துதான் பார்க்க வேண்டும். மெழுகு கட்டிவிட்டதா? சரி, அன்றிரவிலிருந்து பக்கத்து அறையில் படுங்கள். பனிக்குடம் உடைந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் குட்டி வந்துவிடும். வெள்ளைச் சவ்வுக்குப் பதில் சிவப்பாகத் தடித்த பை முதலில் வந்தால், மருத்துவருக்குக் காத்திராமல் உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கேமரா உதவாது.