ஒன்றரை ஏக்கர் தோட்டத்துக்கு பவர் வீடரா, டிராக்டர் ரோட்டவேட்டரா?

ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. 25 அடிக்கு ஒரு மரம் நிற்கும் இடத்தில் டிராக்டரின் பின்னால் ரோட்டவேட்டரை (பிளேடுகள் சுழன்று மண்ணைப் பொடியாக்கும் கருவி) மாட்டி ஓட்டிவிட்டுப் போகலாம். தென்னையின் வேர்கள் பெரும்பாலும் அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்குள்தான் இருக்கும். அந்த வட்டத்துக்குள் ஏற்ற வேண்டாம் என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும். குழப்பமெல்லாம் எங்களைப் போல ஒன்றரை ஏக்கரில் தக்காளி, கத்தரி, மிளகாய், ஓரமாக முருங்கை, கொஞ்சம் வாழை என்று வைத்திருப்பவர்களுக்குத்தான். நாங்கள் ஏழு குதிரைத்திறன் பெட்ரோல் பவர் வீடர், அதாவது கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்தபடி ஓட்டும் களையெடுக்கும் இயந்திரம், வாங்கிவிட்டோம். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

வேகத்தில் போட்டியே கிடையாது. ஐந்தடி ரோட்டவேட்டர் ஒரு ஏக்கரை ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். வீடருக்கு அரை நாளுக்கு மேல் ஆகும், அதுவும் நடந்துகொண்டே. மறுவிற்பனையிலும் டிராக்டர் கருவிக்குத்தான் மதிப்பு. பழைய வீடரைக் கேட்க ஆள் வருவார்கள், விலைதான் வராது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது மண்ணின் பதம். எங்களுடையது செம்மண். நல்ல மழை பெய்த மறுநாள் இறங்கினால் சேறு பிளேடில் அப்பிக்கொள்ளும். அடுத்த இரண்டு நாள்தான் சரியான பதம்: ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், கீழே போட்டால் உதிர வேண்டும். அதைத் தாண்டி வெயில் காய்ந்தால் கட்டி கட்டியாகப் பெயரும். அந்த இரண்டு நாளில் ஊரில் எல்லோருக்கும் டிராக்டர் வேண்டும். வாடகைக்கு ஓட்டுபவர் பெரிய காட்டுக்குத்தான் முதலில் போவார். அவர் நிலையில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். அரை ஏக்கர்க்காரருக்குக் கிடைப்பது “நாளைக்குக் காலையில வந்துடறேண்ணா” என்ற பதில். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் வாடகைக்கு டிராக்டர் கிடைக்கும், கட்டணமும் வெளியாட்கள் கேட்பதைவிடக் குறைவு. ஆனால் அதற்கும் முன்பதிவு செய்ய வேண்டும். மழை நம் முன்பதிவைப் பார்த்துப் பெய்வதில்லை.

ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன ஆகும்? இரண்டு இலை விட்டிருந்த களை மளமளவென்று உயர்ந்துவிடும். அதற்குள் வீடரை விட்டால் புல் பிளேடு தண்டில் கயிறு மாதிரி சுற்றி இறுகும். இன்ஜினை நிறுத்தி, குனிந்து, அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அந்தப் புல்லே ஆயில் சீலைத் தின்றுவிடும், கியர் ஆயில் கசியத் தொடங்கும். இயந்திரம் சொந்தமாகக் கொட்டகையில் நின்றால் பதம் வந்த அன்று விடிகாலையிலேயே இறங்கி, வெயில் ஏறுவதற்குள் பாதியை முடித்துவிடலாம்.

அப்புறம், நாற்று நட்டபின் டிராக்டருக்குத் தோட்டத்தில் வேலையே இல்லை. தக்காளி வரிசைகளுக்கு நடுவே அது எங்கே போகும்? வீடரில் இருபுறமும் வெளிப் பிளேடுகளைக் கழற்றி அகலத்தைக் குறைத்துக்கொண்டால் இரண்டரை அடி இடைவெளியில் தாராளமாகப் போகும். மண் அணைக்கத் தனிக் கலப்பையும் மாட்டலாம். சொட்டுநீர் போட்டவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. டிராக்டர் வர வேண்டுமென்றால் செடி வரிசையோரம் ஓடும் லேட்டரல் குழாய்களை எல்லாம் சுருட்டி வெளியே எடுக்க வேண்டும். வீடருக்குக் குழாயைச் செடிப்பக்கம் ஒதுக்கிவிட்டால் போதும். ஒதுக்க மறந்த குழாய் பிளேடில் சுற்றுவது தனிக் கதை.

வீடரால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். உழாமல் இறுகிக் கிடக்கும் நிலத்தில் அதை விட்டால் பிளேடு மண்ணில் இறங்காமல் துள்ளி முன்னால் ஓடும், ஆளையும் இழுத்துக்கொண்டு. பின்னால் இருக்கும் ஊன்றுகம்பியை இறக்கி, கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் தோண்டும், ஆனால் தோள் போய்விடும். அதனால் முதல் உழவுக்கு இன்னும் வாடகை டிராக்டர்தான்: ஐந்து கொழு உள்ள கலப்பை, பிறகு ஒன்பது கொழு உள்ளது, கடைசியில் ரோட்டவேட்டர். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். சில டிரைவர்கள் ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்து மேலாக ஓட்டிவிட்டுப் போவார்கள். பார்க்கப் பொலபொலவென்று அழகாக இருக்கும். ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள், மூன்று அங்குலத்தில் நின்றுவிடும். நன்றாக ஓட்டினாலும் ஐந்தாறு அங்குலம்தான். வருடக்கணக்கில் அதே ஆழத்தில் சுழன்றால் அடியில் தகடு போல இறுகிவிடும். அதை உடைக்க எப்போதாவது ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை விட்டாக வேண்டும். கோரை இருக்கும் வயலில் இரண்டுமே உதவாது. கிழங்கையும் கொடியையும் வெட்டி நிலமெங்கும் பரப்பிவிடும்.

நடுவில் மினி டிராக்டர் என்றொரு வழி உண்டு. 24, 27 குதிரைத்திறனில் குபோட்டா, மஹிந்திரா ஜீவோ போன்றவை அகலம் குறைந்தவை. கம்பம் பக்கம் திராட்சைப் பந்தலுக்குள் அவை புகுந்து வருவதைப் பார்த்திருக்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது. ஓட்டிப் பழகியதில்லை என்பதால் அதிகம் பேசமாட்டேன். ரோட்டவேட்டரோடு சேர்த்துப் பல லட்சம் ஆகும். ஒன்றரை ஏக்கரை மட்டும் நம்பி அந்தக் கடனை இழுக்க முடியாது. கரிசல் மண்ணில் பெட்ரோல் வீடர் திணறும், டீசல்தான் வேண்டும் என்று அங்கே விவசாயம் பார்க்கும் என் மச்சான் சொல்கிறார். நான் செம்மண்ணைத் தாண்டி ஓட்டியதில்லை.

வாங்குவதென்றால் முதலில் உதிரிபாகம் பக்கத்து ஊரில் கிடைக்கிறதா என்று பாருங்கள், விலையை அப்புறம் பேசலாம். மானியம் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40; உச்சவரம்பும் உண்டு. புழுதியில் ஓட்டினால் ஏர் ஃபில்டரைத் துடைக்காமல் கொட்டகையில் ஏற்றாதீர்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோலை வைக்காமல் வடித்துவிடுங்கள்.

கடைசியாக, யார் ஓட்டப்போகிறார்கள் என்பது. எங்கள் அப்பா கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்துவிடுவார், நேராக ஓட்டவும் செய்வார். வரப்பு முனையில் தூக்கித் திருப்புவதற்கு நான்தான் போக வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டினால் எனக்கே விரல் மரத்துப்போகிறது. பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் வயதானவர்கள் மட்டும் என்றால் வீடர் வேண்டாம். டிராக்டருக்குச் சொல்லிவிட்டு, களைவெட்டுக்கு ஆள் விடுவதுதான் சரி.